அவருடைய அம்மாவின் பதிவு

ஜெராம் மீன்பிடித் துறையில் படகு எஞ்சின் பழுது பார்க்கும் ஒருவரைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று என் தங்கை சொன்னபோது அம்மா முதலில் கேட்டது, அவர் குடிப்பாரா என்பதைத்தான். பீர் வாசனைகூட அவருக்கு ஆகாது என்றாள் தங்கை. அம்மா அதோடு சமாதானமாகி, ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரச்சொல் என்றார்.

அப்போது நாங்கள் மூவரும் கோல சிலாங்கூரில், ஆற்றை ஒட்டிய ஒரு தாமான் குடியிருப்பில் இருந்தோம். அப்பா இறந்து பல வருடங்கள் ஆகியிருந்தன. தங்கை டவுனில் ஒரு மருந்துக்கடையில் இருந்தாள். நான் ஒரு செம்பனைத் தோட்டக் கம்பெனியின் வட்டார அலுவலகத்தில் கணினி நிரல்களைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

அவர் வந்தார். சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார், ஒரு பிளாஸ்டிக் பையில் ஐஸோடு இறால் கொண்டுவந்திருந்தார். எவ்வளவு தேய்த்தும் நகக்கண்ணில் மட்டும் கிரீஸ் போயிருக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். கை கழுவி வந்து, நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே பேசினார்.

"ஆண்ட்டி, மொதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். எனக்கு ஐசி இல்ல."

அடையாள அட்டை இல்லாத ஓர் ஆள் இருக்கக்கூடும் என்பது அம்மாவுக்குப் புரியவில்லை. "தொலைச்சிட்டீங்களா? ரிப்போர்ட் பண்ணிட்டுப் புதுசு எடுக்கலாமே லா."

"தொலைக்கல ஆண்ட்டி. எடுக்கவே இல்ல. எனக்குப் பொறப்புப் பத்திரமே இல்ல."

சபாக் போகும் வழியில் உள்ள ஒரு தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டில் பிறந்தவர் அவர். வயிற்றில் இருக்கும்போதே அப்பா போய்விட்டார். அம்மா செம்பனைக்கு மருந்து அடிக்கும் வேலை செய்தவர். பிள்ளையைப் பதிய வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லையா, சொல்லியும் போகவில்லையா என்று தெரியாது. பையன் மீசை முளைக்கும் முன்பே அந்த அம்மா இறந்துபோனார். பிறகு தோட்டம் கைமாறியது, லயங்களை இடித்தார்கள், வீட்டுச் சாமான்கள் யார் யார் கைக்கோ போயின. அவர் ஜெராமுக்கு வந்து மீன்பிடிப் படகில் ஏறினார். படகு முதலாளியான ஒரு சீனத் தவுக்கே அவருக்கு எஞ்சின் வேலை பழக்கிவிட்டார். தவுக்கேவுக்கு ஐசி தேவைப்படவில்லை, எஞ்சின் ஓடினால் போதும். ஆனால் அவருக்கு மோட்டார் லைசென்ஸ் கிடையாது, பேங்க் கணக்கு கிடையாது. கல்யாணத்தைப் பதியவும் முடியாது.

இதையெல்லாம் அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, போய்ட்டு வரேன் என்று கிளம்பினார். அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.

"நல்ல பையனாத்தான் தெரியுது. ஆனா இப்படி ஒரு ஆள் இருக்கான்னு கவர்மெண்டுக்கே தெரியலன்னா நான் என்னன்னு பொண்ணு குடுக்கிறது?"

தங்கை அறைக்குள் போனாள்.

சில நாட்கள் கழித்து, நான் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தபோது என்னிடம் வந்தாள். "அக்கா, நீதானே சொன்ன, பழைய தோட்டத்து ஆளுங்க வெவரம் எல்லாம் ஒங்க கம்பியூட்டர்ல இருக்குன்னு."

சொன்னது உண்மைதான். அவர் பிறந்த தோட்டத்தை வாங்கியது எங்கள் கம்பெனி. தோட்டத்தோடு அதன் பழைய தொழிலாளர் விவரங்களும் வந்திருந்தன. தங்கையின் யோசனை எளிமையானது. அவர் அம்மாவிடம் சிவப்பு ஐசி இருந்தது, குடியுரிமை இல்லாமல் நிரந்தரமாகத் தங்க மட்டும் அனுமதி உள்ளவர்களுக்குத் தரும் அட்டை. பிளாஸ்டிக் உறையில் போட்டு அரிசி டின்னுக்குள் வைத்திருந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். எண் தெரியாது. அந்த எண் கிடைத்தால் அம்மா யார் என்று காட்டலாம். அம்மாவைக் காட்டினால் பிள்ளைக்கு விண்ணப்பிக்க ஒரு பிடி கிடைக்கும்.

"பாத்துச் சொல்லேன் அக்கா. ஒரு நம்பர்தானே."

நினைத்த மாத்திரத்தில் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதை அவளுக்கு விளக்க நேரமானது. தரவுத்தளம் தலைநகரில் தலைமையகத்தின் கையில் இருந்தது. அதை நேரடியாகத் திறக்கும் உரிமை எனக்கு இல்லை. எங்கள் அலுவலகத்தில் இருந்தது ஒரு பழைய நிரல் மட்டும்தான். தொழிலாளியின் எண்ணைக் கொடுத்தால் பெயர், டிவிஷன், வேலை, ஐசி எண், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் எடுத்துத் திரையில் காட்டும். சி மொழியில் எழுதியது. சி மொழிக்குத் தரவுத்தளத்தோடு நேரே பேசத் தெரியாது. அதனால் பேச வேண்டிய இடங்களில் நடுநடுவே எஸ்கியூஎல் என்ற வினவல் மொழியின் வரிகளைப் பதித்து வைத்திருப்பார்கள். இந்த எண்ணுக்குரிய ஆளை எடு, அவர் பெயரை இந்த மாறியில் போடு, ஐசியை அந்த மாறியில் போடு என்று. நிரலைத் தயாரிக்கும்போது ஒரு முன்தொகுப்பி வந்து அந்த வரிகளைச் சி மொழிக்குப் புரியும்படி மாற்றிக் கொடுக்கும். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை யாரும் தொட முடியாது. நிரல் அதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கும்.

பணியாளர் பிரிவில் இருந்த அதிகாரியம்மா மலாய்க்காரர். அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். "கெசியான்" என்றார், பாவம் என்று அர்த்தம். பிள்ளையே ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கட்டும், தன் அம்மா விவரத்தை மகன் கேட்பதில் தவறில்லை, ஆனால் தன் முன்னால்தான் பார்க்க வேண்டும் என்றார். கடிதத்தைத் தங்கை மலாயில் எழுதினாள். அவர் கையெழுத்துப் போட்டார்.

வேலை நாளில் ஒரு மதியம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அம்மாவின் வேலை எண் நினைவிருக்கிறதா என்று கேட்டதும் தயங்காமல் சொன்னார். காலையில் வேலைக்கு வரிசை நிற்கும் பெரட்டில் ஆள் கூப்பிடும்போது கங்காணி மண்டோர் அந்த எண்ணைத்தான் கத்துவாராம். அம்மாவின் தண்ணீர் டின்னிலும் பெயிண்டில் எழுதியிருந்ததாம்.

எண்ணைத் தட்டினேன். அதிகாரியம்மா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையின் அடியில் ஒரு வரி வந்தது. ரெக்கோட் திடாக் டிஜும்பாய். பதிவு கிடைக்கவில்லை.

தோட்டக் குறியீட்டை மாற்றிப் பார்த்தேன். டிவிஷனை மாற்றிப் பார்த்தேன். வேறு எண்களைக் கொடுத்தபோது வேறு வேறு ஆட்கள் வந்தார்கள். அவர் சொன்ன எண்ணுக்கு மட்டும் மறுபடி அதே வரி.

"பரவால்லக்கா" என்றார். "எத்தனையோ எடத்துல பாத்துட்டோம். இங்கயும் இல்லன்னா இல்லதான்."

அவருக்கு மலாய் படிக்கத் தெரியும். நான் சொல்வதற்கு முன்பே படித்துவிட்டார். அவரைப் பார்க்க முடியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். தொப்பியைப் போட்டுக்கொண்டு, அதிகாரியம்மாவுக்கு 'தெரிமா காசே' என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மனது கேட்காமல் அந்த நிரலின் மூலத்தைத் திறந்து படித்தேன். யாரோ எப்போதோ எழுதியது. பெயர்கூட இல்லை. பதித்த எஸ்கியூஎல் வரி ஒவ்வொன்றும் ஓடி முடிந்ததும் தரவுத்தளம் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி. ஆயிரத்து நானூற்று மூன்று என்றால் அப்படி ஒரு பதிவே இல்லை. வேறு கோளாறுகளுக்கு வேறு எண்கள். ஆனால் இந்த நிரலை எழுதியவர் பூஜ்யமா இல்லையா என்பதை மட்டும் சோதித்திருந்தார். பூஜ்யம் இல்லாவிட்டால், காரணம் எதுவானாலும், பதிவு கிடைக்கவில்லை என்று ஒரே பதிலைச் சொல்ல வைத்திருந்தார்.

இன்னும் ஒன்றும் கண்ணில் பட்டது. அட்டவணையில் ஏதாவது ஒரு கட்டம் நிரப்பப்படாமல் வெறுமையாக இருந்தால், அதைச் சாதாரண மாறியில் எடுத்துப் போட முடியாது. பக்கத்தில் இன்னொரு சின்ன மாறி வைக்க வேண்டும், இந்தக் கட்டம் காலி என்று சொல்வதற்கென்றே. அது இந்த நிரலில் எங்கும் இல்லை. அப்படியானால் ஒரு ஆளின் விவரத்தில் ஒரே ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் தரவுத்தளம் வேறோர் எண்ணைத் தரும். நிரல் அந்த ஆளே இல்லை என்று சொல்லிவிடும்.

அவர் அம்மா உள்ளே இருக்கலாம்.

தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை வந்ததைப் பார்த்ததும், சொல்லாமல் இருந்திருக்கலாமோ என்று பட்டது. காலியாக இருக்கும் கட்டம் எது என்று எனக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் சம்பளத்தைக் கையில்தான் கொடுத்தார்கள், பேங்க் கணக்கு காலியாக இருக்கும், அதுவாகத்தான் இருக்கும் என்று அவளுக்குச் சொன்னேன். எனக்கே சொல்லிக்கொண்டதும் அதுதான்.

திருத்தம் சில வரிகள்தான். எழுதிவிட்டேன். ஆனால் என் கணினியில் இருந்த சோதனைத் தரவில் பழைய ஆட்கள் இல்லை. உண்மையான தரவோடு ஓட்ட வேண்டுமென்றால் தலைமையகம் அனுமதிக்க வேண்டும். நிரலில் உள்ள பிழையை விளக்கி விண்ணப்பித்தேன். எத்தனை பேருக்கு இதனால் பாதிப்பு என்று கேட்டு மின்னஞ்சல் வந்தது. தெரியாது, இந்த நிரல் காட்டாத ஆட்களை எண்ண என்னிடம் வழியில்லை என்று எழுதினேன். முக்கியத்துவம் குறைவு என்று குறித்து வரிசையில் போட்டார்கள்.

மாதங்கள் ஓடின. நான் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம், செம்பனைக் குலை எடைபோடும் நிரலில் ஒரு மாற்றம் வருகிறது, அதோடு சேர்த்து அனுப்புகிறோம் என்றார்கள். வீட்டில் தங்கை தினமும் என் முகத்தைப் பார்ப்பாள். கேட்க மாட்டாள். அம்மாவும் கேட்க மாட்டார், ஆனால் தங்கைக்கு வரன் என்று தரகர் யாராவது பேசினால் இப்போது வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒருநாள் அவர் ஜெராமிலிருந்து மோட்டார் சைக்கிளில் வராமல் பஸ்ஸில் வந்தார். லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டு, தவுக்கே போய்ப் பேசிக் கூட்டிவர வேண்டியிருந்ததாம். அதை யாருக்கோ நடந்ததுபோலச் சொன்னார்.

கடைசியில் அனுமதி வந்தது. புதிய நிரல் ஏறியதும் அதிகாரியம்மாவைக் கூப்பிட்டேன், அவரையும் வரச்சொன்னேன். தங்கையும் மருந்துக்கடையில் விடுப்பு சொல்லிவிட்டு வந்தாள்.

எண்ணைத் தட்டினேன். அவர் அம்மா வந்தார்.

பெயர் வந்தது. தோட்டத்து எழுத்துக்கூட்டில் கொஞ்சம் சிதைந்திருந்தாலும் அவர் பெயர்தான். டிவிஷன் வந்தது. வேலை: மருந்து அடித்தல். வேலைக்குச் சேர்ந்த தேதி, பேங்க் கணக்கு என்ற இடத்தில் ரொக்கம் என்ற சொல். தங்கை என் தோளைப் பிடித்தாள். ஐசி எண் என்ற இடத்தில் நான் புதிதாக எழுதிய வரி தன் வேலையைச் செய்திருந்தது. கோசோங் என்று காட்டியது. காலி.

அந்த ஒரு கட்டம் காலியாக இருந்ததால்தான் இத்தனை நாள் நிரல் அந்த அம்மாவைக் காட்டாமல் இருந்தது. எண் பதிந்திருந்தால் முதல் நாள் மதியமே வந்திருக்கும். நான் மாதக்கணக்காகப் போராடித் திறந்தது, ஒன்றுமில்லை என்று தெரிந்துகொள்வதற்காக. இதை முன்பே யோசித்திருக்கலாம். பாதி யோசித்தும் இருந்தேன், முடிவு வரை போகத் துணியவில்லை.

"ஐசி இருந்துச்சுக்கா" என்றார் அவர் மெதுவாக. "நான் பாத்தேன். செவப்பு."

"கணக்கெழுதுற கிராணி விட்டிருப்பாரு" என்றேன். அல்லது பழைய அட்டைகளிலிருந்து கணினியில் ஏற்றியவர் விட்டிருப்பார். யாரைக் கேட்பது?

அதிகாரியம்மாதான் கீழே இன்னொரு பகுதி இருப்பதைக் காட்டினார். குடும்பத்தினர். அந்தப் பகுதிக்கு வேறொரு கேள்வி, அது ஆட்களை ஒவ்வொருவராக எடுத்துவரும். விசையை அழுத்தினேன். ஒரே ஒரு வரி வந்தது. ஆண், ஆயாக்கொட்டகை, பிறந்த வருடம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தம்பி என்று இருந்தது.

அம்மா வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுச் செல்லும் ஆயாக்கொட்டகையில் யாரோ பெயர் கேட்டிருக்கிறார்கள். அந்த அம்மா தான் கூப்பிடும் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

அவர் சிரித்தார். "அப்படித்தான் கூப்புடுவாங்க. வேற பேரே சொல்ல மாட்டாங்க." சிரித்துக்கொண்டே இருந்தவர் திரும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். தங்கை அவர் பக்கத்தில் போகவில்லை. அலுவலகத்தில் அத்தனை பேர் இருந்தார்கள்.

அதிகாரியம்மா கம்பெனித் தாளில் ஒரு கடிதம் தட்டிக் கொடுத்தார். இந்தப் பெயருள்ள பெண் இந்தத் தோட்டத்தில் வேலை செய்தார், இந்த வருடத்தில் பிறந்த ஒரு ஆண் பிள்ளை அவருக்கு இருந்ததாகப் பதிவு உள்ளது. அவ்வளவுதான் எழுத முடியும் என்றார். அந்தப் பிள்ளை இவர்தான் என்று எழுத முடியுமா என்று தங்கை கேட்டாள். அதிகாரியம்மா முடியாது என்று தலையை ஆட்டினார். "எனக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்குத் தெரியாதே."

பிறப்புப் பதிவு அலுவலகத்தில் கடிதத்தை வாங்கிக்கொண்டார்கள். முகப்பில் இருந்த பெண் பொறுமையாகத்தான் பேசினார். நேரில் அறிந்த சாட்சி யாராவது இருந்தால் கூட்டிவாருங்கள் என்றார்.

விசாரித்ததில் அந்த ஆயாக்கொட்டகையில் இருந்த ஆயா பத்தாங் காலியில் மகளோடு இருப்பது தெரிந்தது. ஒரு சனிக்கிழமை என் காரில் போனோம். பாதி வழியில் போலீஸ் தடுப்பு போட்டிருந்தார்கள். பின்சீட்டில் பேசிக்கொண்டு வந்தவர் பேச்சை நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தேன், கைகளை முழங்கால் மேல் வைத்து, பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார். போலீஸ்காரர் என் முகத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகச்சொன்னார்.

ஆயாவுக்கு அவரைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. "மருந்து அடிக்கிறவ மவன்தானே நீ? பால் குடிக்கவே மாட்டியே. ஊட்டுனா துப்பிடுவ."

"எனக்கு ஞாபகம் இல்ல ஆயா."

"ஒனக்கு எப்படி இருக்கும்? எனக்கு இருக்குதே."

எல்லாவற்றையும் சொன்னார். லயத்தில் எந்த வீடு, அவர் பிறந்த அன்று எந்த மாதிரி மழை, யார் தொப்புள்கொடி அறுத்தது எல்லாம். ஐசி பற்றிக் கேட்டதும், சிவப்புதான், தனக்கும் சிவப்புதான் என்று உள்ளே போய் எடுத்துவந்து காட்டினார். அவர் அதைக் கையில் வாங்கி முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டிருந்தார். ஆயா வேறொரு நாள் பிறப்புப் பதிவு அலுவலகத்துக்கு வந்து அத்தனையையும் திருப்பிச் சொன்னார். எழுதிக்கொண்டார்கள். ரேகை வாங்கினார்கள். மேலே அனுப்புகிறோம், பதில் வரும் என்றார்கள்.

பதில் வருவதற்குள் அம்மா மனம் மாறினார். எது மாற்றியது என்று கேட்டால் சொல்ல மாட்டார். ஆயா சொன்னதைத் தங்கை வீட்டில் சொன்னபோது அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டு கேட்டிருந்தார். மறுநாள் காலையில் தேநீர் ஆற்றிக்கொண்டே, "கோயில்ல தாலி கட்ட ஐசி கேக்க மாட்டாங்கதானே" என்றார்.

ஜெராமில் ஒரு சின்னக் கோயிலில் கல்யாணம் நடந்தது. தவுக்கே குடும்பத்தோடு வந்தார். ஆயாவும் வந்தார். பூசாரி ஐசி எதுவும் கேட்கவில்லை. பதிவு இல்லை, அதனால் சட்டப்படி என் தங்கை இன்னும் கல்யாணம் ஆகாதவள். வாடகை வீடு அவள் பெயரில், கரண்ட் பில் அவள் பெயரில். கார் ஓட்டுவதும் அவள்தான்.

அதற்கடுத்த மழைக்காலத்தில் பதில் வந்தது. விண்ணப்பம் வெற்றி பெறவில்லை. ஏன் என்று எழுதியிருக்கவில்லை. தங்கை அதை என்னிடம் கொண்டுவந்து, "இதுக்கு என்னக்கா அர்த்தம், அம்மா நம்பர் இல்லாததா, பேரு தம்பின்னு இருந்ததா, ஆயா சொன்னத நம்பலயா?" என்று கேட்டாள். திருப்பித் திருப்பிப் படித்தேன். எனக்குத் தெரியவில்லை. முகப்பில் போய்க் கேட்டபோது, மறுபடியும் விண்ணப்பிக்கலாம் என்று மட்டும் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கும் அதற்கு மேல் தெரிந்திருக்காது.

மறுபடியும் விண்ணப்பித்திருக்கிறோம். அதே கடிதம், அதே சாட்சி. புதிதாகச் சேர்க்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

போன வாரம் ஜெராம் போயிருந்தேன். தங்கை இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. அவர் படகுத்துறையில், ஒரு எஞ்சினைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். உப்பு ஏறி அரித்துவிட்டது, இனி இது தேறாது, ஆனால் படகுக்காரர் புதிது வாங்க மாட்டேன் என்கிறார் என்றார். விண்ணப்பம் பற்றி அவர் கேட்கவில்லை. நானும் பேசவில்லை. பக்கத்தில் கவிழ்த்துப் போட்டிருந்த கூடையைக் காட்டி உட்காரச் சொன்னார். அலை இறங்கிக்கொண்டிருந்தது, படகுகள் ஒவ்வொன்றாகச் சேற்றில் சாய்ந்துகொண்டிருந்தன. தங்கை வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.